வக்கீல் வாலிபர்களும் கைப்போனும்

(ஒரு தாலுகா ஊர் வாசகசாலையில், புதிதாகச் சன்னது பெற்ற ஐந்து வாலிபர்களைப் பாராட்ட நடந்த கூட்டத்தில், வயதான வக்கீல் ஒருவர் செய்த சொற்பொழிவின் சாரம்.)



இவ்வூர் வாலிபர்கள் ஐந்து பேர் வக்கீல் சன்னது பெற்று வந்திருப்பதைப் பாராட்டுவதற்காக இந்தக் கூட்டம் கூட்டப்பட்டிருக்கின்றது. ஐவரில் இருவர் பெண்கள் என்பதும், ஐவர் வீட்டிலும் இதற்கு முன் கருப்புக் கோட்டுப் போட்டவர் ஒருவரும் கிடையாது என்பதும் தலைவரவர்கள் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். எனக்கு முன் பேசிய நான்கு தோழர்களும் வேண்டிய அளவு பாராட்டிவிட்டார்கள். ஆகையால் நான் பாராட்டப் போவதில்லை. போட்ட மாலை நாளைக்கு வாடிவிடும். நாளை மறுநாள் கோர்ட்டுக்குப் போக பஸ்ஸுக்குக் காசு வேண்டும். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்தத் தொழிலில் ஜீவனத்திற்கு வழி எங்கெங்கே இருக்கின்றது என்பது ஒன்று. கையில் இருக்கிற போனை வைத்துக்கொண்டு வக்கீலானவன் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவதை ஏன் இதில் சேர்த்தேன் என்றால், இந்தக் காலத்து வாலிபர்கள் முதலாவதைத் தேடிக்கொண்டு போய் இரண்டாவதில்தான் விழுகிறார்கள்.

வக்கீல் அல்லாத தோழர்கள், இது நமக்கு எதற்கு என்று எழுந்து போய்விட வேண்டாம். ஃபீஸ் கொடுப்பவர்கள் நீங்கள். கேஸ் கெட்டால் நிலம் போவதும் மானம் போவதும் உங்களுக்கே ஒழிய, வக்கீலுக்கு அல்ல. நான் வயதானவன் என்பதற்காக என் சொல்லை யாரும் ஒப்புக்கொள்ள வேண்டாம். கேட்டு, யோசித்து, சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழில் நீண்டகாலம் கதவடைத்த வீடாகவே இருந்து வந்திருக்கின்றது. 1916ஆம் வருஷத்தில் ரெஜினா குஹா என்னும் பெண்மணி, சட்டப் படிப்பில் தேறிய பின்பும், பெண் என்கின்ற ஒரே காரணத்தினால் கல்கத்தா ஐகோர்ட்டால் திருப்பி அனுப்பப்பட்டார். பெண்கள் வக்கீலாகலாம் என்பதற்கு 1923இல் தனியாக ஒரு சட்டமே செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்கு இந்த மேடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பது யாருடைய தயவினாலும் அல்ல. அடைத்த கதவைத் தட்டித் தட்டித் திறந்தவர்களுடைய பலன் அது.

பெண்களுக்குக் கதவு திறந்த பிறகும், ஏழைக்கு வாசற்படியில் ஒரு சுங்கச்சாவடி இருந்தது. 1961ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தில் சன்னது பதிவுக்குக் கட்டணம் இவ்வளவுதான் என்று எழுதியிருக்கின்றது. அதாவது பொதுவாக 750 ரூபாய். தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் பார் கவுன்சில்கள் லைப்ரரிக்கு, நிதிக்கு, அதற்கு, இதற்கு என்று பெயர் வைத்து, கேரளத்தில் 20,050 ரூபாய், ஒரிசாவில் 42,100 ரூபாய் என்கின்ற அளவுக்கு வசூலித்து வந்தன. சட்டத்தைக் காப்பாற்றப் போகிறவனிடத்தில் சட்டத்திற்கு விரோதமாக வாங்கிய பணம் அது! 2024 ஜூலை 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்தில் எழுதியதற்கு மேல் வாங்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. முன்னமே வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பில் சொல்லிவிட்டது. வாங்கினவர்களுக்கு அது ஒரு சந்தோஷம்.

சரி, உள்ளே வந்தாயிற்று. வந்தபின் சாப்பாடு? சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து கட்டைத் தூக்கிக்கொண்டு, வாய்தா வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியில் காப்பிச் செலவுக்கு ஏதோ கொடுத்தால் வாங்கிக்கொள்வதுதான் என் காலத்து வழக்கம். அதற்குத் தொழில் கற்றுக் கொடுப்பது என்று பெயர். தகப்பனார் வீட்டில் நெல் இருந்தவன் கற்றுக்கொண்டான். இல்லாதவன் இரண்டு வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டான். 2024 ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு இதைக் கவனித்து, சென்னை, மதுரை, கோயமுத்தூர் ஆகிய இடங்களில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தது கொடுக்க வேண்டும் என்றது. பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. இங்கே இருக்கிற சீனியர்களை அப்படிக் கொடுப்பவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்கலாமென்று பார்த்தேன். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டபடியால் விட்டுவிடுகிறேன்.

நிற்க, சீனியர் ஆபீஸ் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். கைதானவன் ஏழையாயிருந்தால் அவனுக்கு சர்க்கார் செலவில் வக்கீல் வைப்பதற்கென்று 2022 முதல் ஜில்லாக்களில் சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல் திட்டம் நடந்து வருகின்றது. முழு நேர வேலை, மாதச் சம்பளம், புதியவர்களுக்கும் இடம் உண்டு. கிரிமினல் கேஸ் நடத்தக் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. கிராமத்துத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். 1987ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் ஆகியவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாக வக்கீல் கிடைக்கும். தாலுகா கோர்ட்டிலேயே அதற்குக் கமிட்டி இருக்கின்றது. எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஜட்ஜி வேலைக்குப் போக ஆசையுள்ளவர்கள் கவனிக்க வேண்டியது, 2025 மே 20ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு செய்த தீர்ப்பு. சிவில் ஜட்ஜி பரீட்சை எழுத மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று அதில் விதித்தது. தற்காலிகமாகப் பதிவு செய்துகொண்ட தேதியிலிருந்தே அந்த மூன்று வருஷம் கணக்கு. பத்து வருஷத் தொழில் உள்ள வக்கீல் ஒருவர் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். ஆகவே பேருக்கு ஒரு ஆபீஸில் பெயரைப் போட்டு வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து நெட்டுருப் போடுகிற வித்தை இனி செல்லாது. இந்தத் தீர்ப்பினால் ஏழைப் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் காத்திருக்கச் சோறு எங்கே என்கின்ற கேள்வி இருக்கின்றது. அது நியாயமான கேள்விதான்.

இன்னும் கம்பெனிகளில் சம்பளத்துக்குச் சட்ட வேலை உண்டு. ஆனால் முழு நேரச் சம்பளக்காரனாக இருந்துகொண்டு கோர்ட்டில் வக்கீலாகவும் நிற்கப் பார் கவுன்சில் விதி இடங்கொடாது. சன்னதை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். விஞ்ஞானமோ இஞ்சினீரிங்கோ படித்துவிட்டுச் சட்டம் படித்தவர்கள் காப்புரிமை ஏஜெண்டு பரீட்சை எழுதலாம். வீடு வாங்கி ஏமாந்தவர்களுக்கு 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், கடையில் ஏமாந்தவர்களுக்கு 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டம், கோர்ட்டுக்குப் போகாமலே தீர்த்துக்கொள்ள 2023ஆம் வருஷத்து சமரசச் சட்டம் என்று புதிது புதிதாக வேலை வந்துகொண்டிருக்கின்றது. என் வயதுக்காரர்கள் இவைகளைப் படிக்க மாட்டார்கள். அது உங்களுக்கு லாபம்.

இனி போனுக்கு வருகிறேன்.

வக்கீல் தன்னை விளம்பரம் செய்துகொள்ளக்கூடாது என்று பார் கவுன்சில் விதிகளில் 36ஆவது விதி சொல்லுகின்றது. நேராகவோ மறைமுகமாகவோ, நோட்டீசாலோ, தரகரைக் கொண்டோ, தான் நடத்துகிற கேஸ் சம்பந்தமாகப் பத்திரிகையில் படம் போட்டுக்கொண்டோ கேஸ் பிடிக்கக்கூடாது. போர்டுகூட அளவாக இருக்க வேண்டும். இன்ன வகைக் கேசில் நிபுணன் என்று அதில் எழுதக்கூடாது. 2008இல் ஒரு சிறு தளர்வு கொடுத்தார்கள். வெப்சைட்டில் பெயர், விலாசம், போன் நம்பர், சன்னது நம்பர், படிப்பு, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்பவைகளைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் கூடாது. 2024 ஜூலை 3ஆம் தேதி சென்னை ஐகோர்ட்டு, இணையக் கம்பெனிகள் மூலம் கேஸ் பிடிக்கிற வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி சொல்லிற்று. ஓட்டல் இட்டிலிக்கு நட்சத்திரம் போடுவதுபோல் வக்கீலுக்கும் நட்சத்திரம் போட்டு விற்கிற கம்பெனிகளைக் கண்டித்தது. 2025 மார்ச்சில் அகில இந்திய பார் கவுன்சிலும், சினிமாக்காரர்களையும் ரீல்ஸுகளையும் வைத்து வக்கீல் தொழிலை விளம்பரம் செய்வதைக் கண்டித்து அறிக்கை விட்டது.

இந்த விதி எதற்கு வந்தது? பம்பாயில் எஸ்பிளனேடு போலீஸ் கோர்ட்டு வாசலில் வக்கீல்கள் கும்பலாக நின்றுகொண்டு, வருகிற கட்சிக்காரரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து, ஒருவர் கையிலிருந்த கட்டை ஒருவர் பிடுங்கி, அடிதடி வரைக்கும் போன விவகாரம் 1975இல் சுப்ரீம் கோர்ட்டு வரை வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆள் பிடிப்பதைவிட மோசம். கண்ணீரோடு வருகிறவனைச் சரக்காக நினைக்கக்கூடாது என்பது விதியின் உள்கருத்து. அந்தக் கருத்து எனக்குச் சம்மதமே.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டுமல்லவா? தகப்பனார் வக்கீல், மாமனார் ஜட்ஜி என்று இருக்கிறவனுக்கு விளம்பரம் எதற்கு? வீட்டுப் பெயரே விளம்பரம். பெரிய வக்கீல் தினந்தோறும் டெலிவிஷனில் உட்கார்ந்து தன் கேசைப் பற்றியே பேசுகிறார். அது பொதுஜன அறிவு வளர்ச்சியாம்! குடிசையிலிருந்து வந்த பிள்ளை இரண்டு நிமிஷம் போனில் பேசிப் போட்டால், அது தொழில் ஒழுக்கக் கேடாம்! அமெரிக்காவில் அரிசோனாவைச் சேர்ந்த இரண்டு இளம் வக்கீல்கள், சாதாரண ஜனங்களுக்குக் கட்டுப்படியாகும் ஃபீஸை அச்சிட்டுப் பத்திரிகையில் விளம்பரம் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1977இல் ஜெயித்தார்கள். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு 1984இலிருந்து விளம்பர அனுமதி இருக்கின்றது. விதியை நமக்குக் கற்றுக்கொடுத்த நாடே தளர்த்திவிட்டது. ஆகையால் இந்த விதி மனிதன் செய்ததுதான்; வேண்டாமென்றால் மாற்றலாம்; மாற்றச் சொல்லிக் கேட்கவும் வேண்டும். கேட்பது வேறு, மீறுவது வேறு. மீறினால் முதலில் மாட்டுகிறவன் யார்? டெலிவிஷனில் பேசுகிறவரா? அவருக்காக வாதாடப் பத்துப் பேர் வருவார்கள். உங்களுக்காக யார் வருவார்? 35ஆவது பிரிவுப்படி ஒரு பிராது போட்டால், கண்டிக்கலாம், கொஞ்சகாலம் நிறுத்தி வைக்கலாம், சன்னதையே எடுத்துவிடலாம். அதனால்தான் சொல்லுகிறேன்.

விதியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கின்றது. எனக்குத் தெரிந்த ஒரு வாலிபன், கெட்டிக்காரன், முதல் தலைமுறை வக்கீல். ஒரு பெண்ணுக்காக விவாகரத்துக் கேசில் நின்று, மாதம் எட்டாயிரம் ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் வாங்கிக் கொடுத்தான். அன்று சாயங்காலமே சந்தோஷத்தில் அந்த உத்தரவைப் படம் பிடித்து, "நம் கட்சிக்காரருக்கு வெற்றி" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். உத்தரவில் என்ன இருக்கும்? புருஷன் அவள் நடத்தையைப் பற்றிச் சொன்ன அவதூறு முழுவதும் ஜட்ஜி எடுத்து எழுதியிருப்பார். பேரும் ஊரும் அப்படியே. ராத்திரிக்குள் அது அவள் ஊர் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவள் பையனைப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மாள் ஆபீசுக்கு வந்தாள். சண்டை போடவில்லை. "தம்பி, வேற வக்கீல் பார்த்துக்கறேன், ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, கட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்து விவாகச் சட்டம் 22ஆவது பிரிவு, இம்மாதிரி நடவடிக்கைகளைப் பிரசுரித்தால் ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம் என்கின்றது. ஆயிரம் ரூபாயைக் கட்டிவிடலாம். அந்தப் பையனுக்கு என்ன கட்டுவது?

அந்த வாலிபன் கெட்டவன் அல்ல. அவனுக்குப் போர்டு இல்லை, மாமனார் இல்லை; ஜெயித்தேன் என்று ஊருக்குச் சொல்ல அவனிடத்தில் இருந்தது போன் ஒன்றுதான். அதுவே அவனைக் கெடுத்தது. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக்கூடாது என்பது 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 132ஆவது பிரிவு. அது வக்கீலைக் கட்டுகிற கயிறு மாத்திரமல்ல, அவனைக் காக்கிற வேலியும்கூட. 2025 அக்டோபர் 31ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கட்சிக்காரரைப் பற்றிச் சொல்லும்படி போலீசார் அவருடைய வக்கீலுக்கு, அந்தப் பிரிவிலேயே சொல்லியிருக்கிற விலக்குகளில் வந்தாலொழிய, சம்மன் அனுப்பக்கூடாது என்றது. போலீசார் கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று கோர்ட்டு காப்பாற்றுகிற ரகசியத்தை, யாரும் கேட்காமலே நாம் ஸ்டேட்டஸில் வைப்பதா? பலாத்காரத்திற்கு ஆளான பெண்ணின் பெயர் தெரியும்படி எதையாவது போட்டால், புதிய தண்டனைச் சட்டம் 72ஆவது பிரிவுப்படி இரண்டு வருஷம் வரை ஜெயில். எப்.ஐ.ஆர். நகலைக் குரூப்பில் தள்ளிவிடுகிற தோழர்கள் இதை ஞாபகத்தில் வைக்கவும்.

கோர்ட்டே போனுக்குள் வந்துவிட்ட காலம் இது. 2020இல் கொள்ளைநோய் வந்த பிறகு வீட்டிலிருந்தே வாதம் செய்கிறோம். வீட்டிலிருப்பது என்றால் வீட்டிலிருப்பதுபோல் இருப்பது என்று சிலர் நினைத்துவிட்டார்கள். 2025 ஜூனில் குஜராத் ஐகோர்ட்டில் ஒரு மூத்த வக்கீல் விசாரணை நடக்கும்போதே பீர் குடித்தது திரையில் தெரிந்து, கோர்ட்டார் அவமதிப்பு நடவடிக்கை எடுத்தார்கள். அவர் நேற்றைக்குச் சன்னது வாங்கின பையன் அல்ல, மூத்தவர்! டெக்சாஸில் 2021இல் ஒரு வக்கீலுடைய முகம் திரையில் பூனைக்குட்டியாகத் தெரிந்து, "நான் பூனை அல்ல" என்று அவர் ஜட்ஜியிடம் வாக்குமூலம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் குற்றமில்லை, வேடிக்கைதான். என்றாலும் பத்து நிமிஷம் முன்னதாகவே காமிராவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிக் கொடுக்கிற யந்திரம். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், ஒரு விமானக் கம்பெனி மேல் போட்ட கேசில், சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் காட்டினார்கள். தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட தீர்ப்புகளே உலகத்தில் இல்லை! 5,000 டாலர் அபராதம். அபராதம் போகட்டும், உலகம் முழுவதும் சிரித்தது. யந்திரத்தை உபயோகிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டைப்ரைட்டர் வந்தபோதும் எழுத்து கெட்டுவிடும் என்றார்கள். ஆனால் பெரியவர் சொன்னார், புஸ்தகம் சொல்லிற்று என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்று பேசிக்கொண்டிருக்கிற நாம், யந்திரம் சொல்லிற்று என்று நம்புவது என்ன அறிவு? தீர்ப்பை எடுத்துத் திறந்து கண்ணால் படித்த பிறகே மனுவில் எழுதுங்கள். கேரள ஐகோர்ட்டு 2025 ஜூலையில் கீழ்க் கோர்ட்டுகளுக்கு ஏற்படுத்திய விதியில், தீர்ப்புச் செய்வதற்கு இந்த யந்திரத்தை உபயோகிக்கவே கூடாது என்று ஜட்ஜிகளுக்கே தடை போட்டிருக்கின்றது.

கோர்ட்டுகளைப் பற்றி எழுதலாமா என்று ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். எழுதலாம். முடிந்துபோன கேசின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது குற்றமாகாது என்று அவமதிப்புச் சட்டம் 5ஆவது பிரிவே சொல்லுகின்றது. உண்மையைப் பொதுநன்மைக்காகச் சொன்னேன் என்பதையும் ஒரு எதிர்வாதமாகக் கோர்ட்டு ஏற்கலாம் என்று 2006இல் திருத்தம் வந்தது. பிரசாந்த் பூஷண் 2020இல் இரண்டு ட்வீட்டுகளுக்காகக் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டார். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றார். ஒரு ரூபாய் அபராதம். கட்டாவிட்டால் மூன்று மாதம் ஜெயில், மூன்று வருஷம் தொழில் தடை. அவர் ஒரு ரூபாயைக் கட்டினார். அவர் எழுதியது யோசித்து எழுதியது. விலை தெரிந்து எழுதியது. ராத்திரி பதினொரு மணிக்கு, வாய்தா கொடுக்கவில்லை என்கின்ற கோபத்தில் முன்சீப்பைப் பற்றி நாலு வரி தட்டிவிடுகிறோமே, அது விமர்சனம் அல்ல, அஜீரணம். ஜட்ஜியை விட்டு விஷயத்தை எழுதுங்கள். காலையில் எழுந்து மறுபடியும் படித்துவிட்டுப் போடுங்கள்.

அப்படியானால் போனை மூடி வைத்துவிட வேண்டியதுதானா? அதுவும் சோம்பேறித்தனமே. பட்டா எப்படி மாற்றுவது, போலீஸ் ஸ்டேஷனில் பிராது வாங்க மறுத்தால் யாருக்கு எழுதுவது, விபத்தில் செத்தவன் குடும்பம் நஷ்டஈட்டுக்கு எங்கே மனு போடுவது என்பவைகளைத் தமிழில் தெளிவாகச் சொல்ல ஆள் இல்லை. அதைச் சொல்லுங்கள். உங்கள் கேசைப் பற்றிச் சொல்லாமல், என்னிடம் வாருங்கள் என்று சொல்லாமல், நம்பர் போடாமல், சட்டத்தை மாத்திரம் சொல்லுங்கள். ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று கேஸ் பிடிப்பதையும் விதி தடுத்திருக்கின்றது. அதைச் சொல்லவே சொல்லாதீர்கள். கேட்கிற ஜனங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். எவனாவது போனில் "நூற்றுக்கு நூறு வெற்றி" என்று சொன்னால், அவன் வக்கீலாக இருந்தாலும் நம்பாதீர்கள். முதலில் அவன் சன்னது நம்பரைக் கேளுங்கள். தயங்குகிறவனிடத்தில் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

நேரமாகிவிட்டது. தலைவரவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். கூட்டம் முடிந்தபின் அரை மணி நேரம் நான் இந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். நோட்டீசோ சம்மனோ வந்து என்னவென்று புரியாமல் வைத்திருப்பவர்கள் கொண்டு வந்தால் படித்துச் சொல்லுகிறேன்; காசு வேண்டாம். ஆனால், அதோ மூன்றாவது வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற தம்பி, அதைப் படம் பிடித்து "பிரபல வக்கீலின் இலவச ஆலோசனை" என்று போட்டுவிடாதே அப்பா. முப்பத்தாறாவது விதி என்மேல்தான் வரும்.